அரை சென்டிமீட்டர்

தட்டில் ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துவிட்டு, முள்ளைப் பார்க்காமல் போனைப் பார்த்தார் மில்லிகிராம்.

"சரியா இருக்கா சார்?" என்றார் அரிசிக்கடைக்காரர்.

"இறங்கிடுச்சு."

"ஐயோ, எவ்வளவு?"

"ரெண்டு."

"நேத்துத்தான் சார் தட்டைக் கழுவினேன்!"

கடைக்காரர் பயந்தது தராசுக்கு. மில்லிகிராம் சொன்னது வெளிநாட்டுக் காசின் விலையை.

அவர் எடை அளவுத் துறை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு, படி, அளவு டேப் எல்லாவற்றையும் சோதிப்பவர். ஒரு கிராம் முன்னே பின்னே போனாலும் அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டிவிடுவார். அப்படி வந்த பெயர்தான் மில்லிகிராம்.

வெள்ளிக்கிழமை காலை மனைவியோடு விமானம் ஏறுகிறார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் வெளிநாட்டுப் பயணம். அங்கே ஒரு ஏரி, அதில் அடிப்பலகை முழுக்கக் கண்ணாடியில் செய்த ஒரு படகு. அந்தப் படகின் படம் பதினோரு வருஷமாக அவர்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பிரிட்ஜ் ஒரு முறை மாறியது, படம் மாறவில்லை. டிக்கெட் அந்த நாட்டுக் காசில் ஆளுக்கு நூறு. சாப்பாடும் பஸ்ஸும் எண்ணூறு, படகு இருநூறு, ஆக ஆயிரம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

கார்டைத் தேய்த்தால் மூன்றரை சதவீதம் பிடிப்பார்கள். விமான நிலையத்தில் மாற்றினால் தோலை உரிப்பார்கள். இரண்டையும் ஒரு மாதம் முன்பே சிவப்பு மையால் அடித்துவிட்டார். மிச்சமிருந்தது பணம் மாற்றும் கடை. "இன்னும் இறங்கும்" என்று மூன்று வாரமாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், திங்கள் சாயங்காலம் விலை ஏறுவதைக் கண்டு பதறி, ஒன்று தொண்ணூற்றைந்து ரூபாய் என்று ஆயிரம் வாங்கிவிட்டார். பத்து நூறு நோட்டு. இவ்வளவு கொடுத்து வாங்கியதை மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. கவரைப் பழைய ஷூவுக்குள் செருகிவைத்தார்.

செவ்வாய்க் காலை, அரிசிக்கடையில் நிற்கும்போது, தொண்ணூற்று மூன்று.

அரிசிக்கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், ஷூவைக் கவிழ்த்துக் கவரை எடுத்துக்கொண்டு பணம் மாற்றும் கடைக்கு ஓடினார்.

"நேத்து வாங்கினேன். திருப்பி எடுத்துக்கங்க."

"எண்பத்தேழு சார்," என்றாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்.

"போர்டுல தொண்ணூத்திமூணுன்னு போட்டிருக்கே?"

"அது நாங்க விக்கற விலை. இது வாங்கற விலை."

"வாங்கும்போது ஒரு எடை, விக்கும்போது ஒரு எடை காட்டற தராசை நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? தூக்கி ஜீப்புல போட்டுடுவேன்!"

"தூக்குங்க சார். கவுன்ட்டருக்கு ஸ்க்ரூ போட்டிருக்கு."

அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தார், போனைப் பார்த்தார், மறுபடி தண்ணீர் குடித்தார். பக்கத்து மேஜைக்காரர் குனிந்து காதோரம் சொன்னார்: "என் மச்சான் பேங்க்ல இருக்கான். வியாழக்கிழமை எண்பத்தஞ்சுக்கு வந்துடும்ங்கறான்."

மில்லிகிராமின் மூளை சட்டென்று வேலை செய்தது. இப்போது விற்றுவிட்டு, வியாழக்கிழமை எண்பத்தைந்துக்கு வாங்கினால்? இழந்ததை மீட்டுவிடலாம்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல்கடை. வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் பணம் வைக்க ரகசியப் பாக்கெட் தைத்துக்கொள்ள மாஸ்டரிடம்தான் வருவார்கள். திரும்பி வந்தவர்கள் மிஞ்சிய நோட்டை அவரிடமே கொடுத்து விற்றுத்தரச் சொல்வார்கள். போன வருஷம் மாஸ்டரின் டேப் அரை சென்டிமீட்டர் இழுபட்டு நீண்டிருப்பதைக் கண்டுபிடித்து மில்லிகிராம் அபராதம் போட்டார். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் கட்டினார். அன்றிலிருந்து அவர்மேல் மில்லிகிராமுக்குத் தனி மரியாதை.

"மாஸ்டர், வெளிநாட்டு நோட்டு யாராவது வாங்குவாங்களா? எனக்கில்ல, ஒரு நண்பருக்கு."

மாஸ்டர், மில்லிகிராம் தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டின் இடுப்புப் பட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நண்பர்கிட்ட எத்தனை நோட்டு இருக்கு?"

"பத்து."

"தொண்ணூறு தர்றேன்."

"உங்களுக்கு கமிஷன்?"

"அதை நான் பார்த்துக்கறேன் சார்."

"விக்கறது யாருன்னு வாங்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

"வாங்கறது யாருன்னு உங்களுக்கும் தெரியாது. நம்ம கடையில எடுத்த அளவு வெளிய போகாது சார்."

புதன் காலை தொண்ணூறாயிரம் கைக்கு வந்தது. அது வந்த நிமிஷத்திலிருந்து விலை ஏற ஆரம்பித்தது.

மத்தியானம் தொண்ணூற்று நாலு. சாயங்காலம் தொண்ணூற்றேழு. வியாழக்கிழமை காலை ஒரு இரும்புக்கடைத் தராசில் அவர் முத்திரையைத் தலைகீழாகக் குத்தியபோது, நூறு. பணம் மாற்றும் கடைக்கு ஓடினார். கண்ணாடியில் ஒரு தாள் தொங்கியது: 'இருப்பு இல்லை. திங்கட்கிழமை வரவும்.' விமான நிலையத்துக்குப் போன் போட்டார். நூற்றாறு. மச்சான் புகழ் பாடியவர் அன்று லீவு.

அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். பின்னால் யாருக்கோ பல் குடையும் சத்தம்.

"ஏங்க, காசு மாத்தியாச்சா இல்லையா? நாளைக்கு விடிஞ்சா ஏர்போர்ட்டு."

"மாத்தியாச்சு."

"நிஜமாவா?"

"நேத்தே. தொண்ணூறுக்கு."

தொண்ணூறு என்ற எண்ணில் பொய்யில்லை என்று அவர் தன்னையே தேற்றிக்கொண்டார்.

"தொண்ணூறா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?" காகிதம் புரளும் சத்தம். "சரி வைக்கறேன். எனக்கு அவசரமா ஒரு போன் பண்ணணும்."

அரைமணி நேரத்தில் தையல்கடை வாசலில் மூச்சு வாங்க நின்றார் மில்லிகிராம்.

"மாஸ்டர், அந்தப் பத்து நோட்டு திரும்பக் கிடைக்குமா?"

"நண்பருக்கா சார்?"

"எனக்குத்தான் மாஸ்டர். நண்பரும் இல்ல, ஒருத்தரும் இல்ல."

"உங்க நல்ல நேரம். வாங்கின பார்ட்டி இப்பத்தான் போன் பண்ணாங்க. தேவையில்லாமப் போச்சாம், வித்துடலாமான்னு." மாஸ்டர் துண்டுத் துணியில் சாக்பீஸால் ஏதோ எழுதிக் கூட்டினார். "தொண்ணூத்தொன்பது."

"தொண்ணூத்தஞ்சு?"

மாஸ்டர் கடைக்குள்ளே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். "கறார் பார்ட்டி சார். 'ஆள் அவசரத்துல இருக்கான், விடாதீங்க'ங்கறாங்க."

"யாரு மாஸ்டர் இந்த ரத்தக் காட்டேரி?"

"அளவு வெளிய போகாது சார்."

சாயங்காலம் மாஸ்டர் கவரைக் கொடுத்தபோது, கையிலிருந்த தொண்ணூறாயிரத்துக்கு அதில் ஒன்பது நோட்டுத்தான் இருந்தது. விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் கட்டிய பிறகு பேங்கில் துடைத்து எடுக்கக்கூட ஒன்றுமில்லை. எண்ணூறு செலவுக்குப் போக மிச்சம் நூறு. படகில் ஒருவர்தான் போகலாம்.

மாடிப்படி ஏறும்போது வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'நீ போயிட்டு வா. எனக்குப் படகுன்னா தலை சுத்தும்.' இரண்டாவது மாடியில் அது கொஞ்சம் இயல்பாக வந்தது. மூன்றாவது மாடியில் வீட்டுக் கதவு வந்துவிட்டது.

வீட்டில் மனைவி பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் பளபளவென்று இருந்தது.

"இங்க பாரு," என்று ஆரம்பித்தார். "படகுல நீ போயிட்டு வா. எனக்கு..."

"ரெண்டு பேரும் போறோம், நான் ரெண்டு தடவை போறேன்!" கைப்பையிலிருந்து ஒரு நூறு நோட்டை எடுத்து ஆட்டினாள். "இதோட விலை என்ன தெரியுமா? நாலாயிரத்து எழுநூறு! உலகத்துலயே இவ்வளவு மலிவா யாரும் வாங்கியிருக்க மாட்டாங்க."

"எப்படி?"

"நீங்க எங்க மாத்தப் போறீங்கன்னு, படகுக்குன்னு சேர்த்து வச்சதை எடுத்து நானே தொண்ணூத்திரெண்டுக்கு ஆயிரம் வாங்கிட்டேன். இன்னிக்கு நீங்க மாத்தியாச்சுன்னு சொன்னதும், ஒரு அவசரக்குடுக்கைக்கு ஒன்பது நோட்டைத் தொண்ணூத்தேழுக்குத் தள்ளிவிட்டேன். அதுக்கு மேல வாங்க அந்த மனுஷன்கிட்ட வக்கில்லையாம். பாவம், அவன் பொண்டாட்டி என்ன பாடு படறாளோ!"

மில்லிகிராம் மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். மனைவி அதைப் பார்த்தாள். கவரின் மூலையில், பேனா எழுதுகிறதா என்று அவளே கிறுக்கிப் பார்த்த கோடு இருந்தது.

ஜிப் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது.

"நீங்கதானா அது?"

"நீதானா காட்டேரி?"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாஸ்டர். ஒரு கையில் மில்லிகிராமின் பேன்ட், இன்னொரு கையில் அவளுடைய இன்னொரு கைப்பை. இரண்டிலும் ரகசியப் பாக்கெட் தைத்தாகிவிட்டது.

"மாஸ்டர்," என்றார் மில்லிகிராம். "விக்கறது யாரு, வாங்கறது யாருன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் சார். நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்க. மேடமும் அதையேதான் சொன்னாங்க."

"தொண்ணூறுக்கு வாங்கித் தொண்ணூத்திரெண்டுக்கு வித்தீங்க. தொண்ணூத்தேழுக்கு வாங்கித் தொண்ணூத்தொன்பதுக்கு வித்தீங்க. ஒரே கடையில ரெண்டு எடையா? மொத்தம் எவ்வளவு எடுத்தீங்க?"

"மூவாயிரத்து எண்ணூறு சார்."

"அதென்ன மூவாயிரத்து எண்ணூறு?"

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து, நாலாக மடித்து ஓரம் நைந்துபோன அபராதச் சீட்டை எடுத்து பேன்ட்டின்மேல் வைத்து நீட்டினார்.

"போன வருஷம் டேப்புல அரை சென்டிமீட்டருக்கு நீங்க போட்டது சார். இப்பத்தான் முள்ளு நடுவுல நிக்குது."