கப்பலுக்கு மூன்று ரயில்

காத்திருப்புக் கூடம்,
பயணிகள் கப்பல் துறை,
பிற்பகல் 1.50

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் புதுக் காரும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். காரைப் பற்றி நான் விசாரிப்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடைசி வரை படித்தால் ஆச்சரியம் தீர்ந்துவிடும்.

போன் செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். "ரெண்டு மணி நேரம், வீட்டு வாசல்ல ஏறினா கப்பல் வாசல்ல இறங்கலாம் மாப்பிள்ளை, நான் ஓட்டுறேன்" என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னீர்கள். "உங்க காரை உங்க வாசல்லயே நிறுத்தி அழகு பாருங்க மச்சான், ரயில்வேக்காரன் ரயில்லதான் போவான்" என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. தவிர, பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் உங்கள் தங்கை, "போன்ல சொன்னா பாதியை முழுங்கிடுவீங்க. அண்ணனுக்கு எழுதுங்க, நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்று சொல்லி, கைப்பையிலிருந்து நாலு தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். கப்பல் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. மூன்றரை மணிக்கு ஏறுகிற வாசலைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே இருக்கிறோம். எங்கள் பாஸ்போர்ட் இரண்டும் கப்பலுக்குள்ளே இருக்கின்றன. இது எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பயணம் அவளுடைய ஆசை என்பது உங்களுக்குத் தெரியும். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். ஒரு தடவையாவது கடலுக்குள் நின்று, கரை சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்க்க வேண்டும் என்பாள். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "எல்லாரையும் அனுப்பிவெச்சுட்டு நின்ன இடத்துலயே நின்னவளுக்குத்தான் அது தெரியும்" என்றாள். இதற்கு முன் மூன்று பயணங்கள் என்னால் கெட்டுப் போயிருக்கின்றன. மூன்றுக்கும் நான் காரணம் சொன்னேன். முதலாவதற்கு சிக்னல், இரண்டாவதற்கு மழை, மூன்றாவதற்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள். இது நாலாவது.

பெட்டியில் ஆரம்பிக்கிறேன். சக்கரம் வைத்த புதுப் பெட்டி வாங்கலாம் என்று அவள் சொன்னாள். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவனிடம் இதைச் சொல்லலாமா? நம்முடைய பச்சை இரும்புப் பெட்டியையே இறக்கித் துடைத்து, முக்கியமானது எதுவானாலும் அடியில், துணிக்கு நடுவில், பூட்டுக்குள், கயிற்றுக்குள் என்கிற பார்சல் ஆபீஸ் முறைப்படி, நேற்று மாலையே பாஸ்போர்ட் இரண்டையும் அவளுடைய சால்வைக்குள் சுற்றி அடியில் வைத்தேன். பெட்டியில் கட்டுவதற்கென்று கப்பல் கம்பெனிக்காரன் எங்கள் அறை எண் போட்ட இரண்டு சிவப்பு அட்டைகள் தபாலில் அனுப்பியிருந்தான். வழவழவென்று நல்ல அட்டை. வெளியே கட்டினால் கிழிந்துபோகும் என்று அவற்றையும் பெட்டிக்குள்ளேயே பத்திரப்படுத்திவிட்டு, உள்ளே போய்க் கயிறு எடுத்துவந்து, குறுக்கே இரண்டு நெடுக்கே இரண்டு என்று கட்டி, என் கையாலேயே பெரிய எழுத்தில் விலாசம் எழுதி ஒட்டினேன். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலை ஆறு பத்து ரயிலில் கிளம்பி எட்டு மணிக்கு ஜங்ஷனில் இறங்கினோம். எட்டரைக்குத் துறைமுகம் போகும் வண்டி. அது நாலாவது பிளாட்பாரத்திலிருந்துதான் போகும், எனக்குத் தெரியாதா? ஒலிபெருக்கியில் என்னமோ சொன்னார்கள். "என்னங்க, ஒண்ணாவதுன்னு சொல்றாங்க" என்றாள். "அவங்க ஆயிரம் சொல்வாங்க, நீ வா" என்று நாலாவதில் நின்ற வண்டியில் ஏற்றிவிட்டேன். பெட்டி முழுக்கக் காலி. எப்படி இடம் பிடித்தேன் பார் என்று பெருமை வேறு பேசினேன். எட்டரை ஆனது, எட்டே முக்கால் ஆனது, ஒன்பதும் ஆனது. நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். அவள் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பத்துக்கு அந்த ஜன்னல் வழியாகச் சடாரென்று தண்ணீர் அடித்தது. வெளியே ஒரு அம்மா ரப்பர் குழாயும் கையுமாக நின்று, "யாரது உள்ள? இது கழுவுற வண்டிங்க! ரெண்டு நாளைக்கு எங்கயும் போகாது!" என்று சத்தம் போட்டாள். நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே உங்கள் தங்கை, "நல்ல இடமாத்தான் பிடிச்சீங்க" என்றாள்.

(மணி 2.15. இதுவரை எழுதுவதற்குள் கவுண்டருக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.)

பத்தேகால் வண்டியில் ஏறினோம். இது நிஜமாகவே ஓடியது. பெட்டி நிறைய எங்களைப் போல கப்பலுக்குப் போகிறவர்கள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சக்கரப் பெட்டியுமாக ஒரே கூத்து. பன்னிரண்டு மணிக்கு "துறைமுகம்" என்று பலகை வந்ததும் நான் பாய்ந்து எழுந்தேன். "எல்லாரும் உக்காந்திருக்காங்களே, நாம மட்டும் ஏன் இறங்குறோம்?" என்றாள். "அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றேன். மச்சான், அந்த ஊர்ப் பெயரை எத்தனை ஆயிரம் மூட்டையில், எத்தனை ஆயிரம் பெட்டியில் என் கையால் எழுதியிருப்பேன்! எழுதினேனே தவிர ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. நான் அனுப்பியதெல்லாம் சரக்கு, ஆகவே அது சரக்குத் துறைமுகம் என்கிற எண்ணம் எனக்கு வண்டி போன பிறகுதான் வந்தது. பயணிகளுக்கு என்று அடுத்த ஸ்டேஷன் கட்டி ஆறு வருஷம் ஆகிறதாம். நான் ஓய்வு பெற்று ஏழு வருஷம்.

அங்கே நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எங்கே பார்த்தாலும் லாரியும் கிரேனும் இரும்புக் கன்டெய்னரும்தான். தூரத்தில் ஒரே ஒரு கப்பல் நின்றது. மேலிருந்து கீழே வரை கரி. உங்கள் தங்கை அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுலயா பத்து நாள்?" என்றாள். வாசல் காவலாளி, "அது நிலக்கரிக் கப்பல்மா. நீங்க வேணும்னா போகலாம், ஆனா அவங்க கூடையில அள்ளிதான் ஏத்துவாங்க" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனிடம் சண்டைக்குப் போனேன். சத்தம் கேட்டு உள்ளே இருந்து குடோன் குமாஸ்தா வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியில் ஒட்டியிருந்த விலாசத்தைக் குனிந்து பார்த்தார். "ஐயா, இந்த ஏழு... நடுவுல கோடு போட்ட ஏழு... நீங்கதானா அது? இங்க உங்களுக்குக் கோட்டு ஏழுன்னே பேரு. உங்க கையெழுத்து வந்த சரக்கு ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்லீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சான், முப்பத்துநாலு வருஷத்தில் என் அதிகாரிகள் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரே சரக்கு இழுக்கிற டிராக்டரில் எங்களையும் பெட்டியையும் ஏற்றி இங்கே அனுப்பிவைத்தார். வழி நெடுக நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து வந்தேன். அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இங்கே இறங்கியதும் அந்தப் பெருமையிலேயே பெட்டியைச் சுமைகாரரிடம் கொடுத்தேன். அவர் தூக்கி ஒரு ஓடும் பட்டையில் வைத்தார். என் பெட்டி ரப்பர் திரைக்குப் பின்னால் கம்பீரமாகப் போய் மறைவதை நானே நின்று ரசித்தேன். பிறகு கவுண்டரில் இருந்த பெண், "பாஸ்போர்ட் குடுங்க சார்" என்றாள்.

"பெட்டியில இருக்கும்மா."

"பரவாயில்ல சார். ரூம் நம்பர் போட்ட சிவப்பு அட்டை கட்டியிருப்பீங்கல்ல, அஞ்சே நிமிஷம், கண்டுபிடிச்சிடலாம்."

"அட்டை கட்டல."

"அட்டை எங்க சார்?"

"அதுவும் பெட்டியிலதான் இருக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் பத்து வருஷம் மறக்கமாட்டேன். ஆயிரத்து எண்ணூறு பெட்டிகள் போயிருக்கின்றனவாம். ஆள் விட்டிருக்கிறார்கள். மணி இப்போது 2.40. நான் கூடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கிறேன், வந்து ஒரு வரி எழுதுகிறேன், மறுபடி நடக்கிறேன். இங்குள்ள காவலாளியிடம் சொல்லிவிட்டேன், சுமைகாரரிடம் சொல்லிவிட்டேன், வரிசையில் நின்ற முன்பின் தெரியாத நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை மட்டும், யாருக்கோ டோக்கன் கொடுத்துவிட்டவள் மாதிரி, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்கிறாள். இவளால் எப்படி இப்படி உட்கார்ந்திருக்க முடிகிறது? எனக்குப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தப்பு யாருடையது என்று பங்கு போட்டுக்கொண்டிருப்போம்.

மணி 2.55. தொப்பிக்காரர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். கூடம் காலியாகிவிட்டது. இந்தத் தடவை சிக்னல் சரியாக இருந்தது. மழை இல்லை. நீங்கள் இந்த ஊரிலேயே இல்லை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். பழி போட எனக்கு ஆளே அகப்படவில்லை. ஆகையால் எழுதுகிறேன் மச்சான். தப்பு என்னுடையது. நாலு பயணத்திலும் தப்பு என்னுடையதுதான். உங்கள் காரில் வந்திருந்தால் இந்நேரம் அவள் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளைக் கரையிலேயே நிறுத்திவைத்த பாவி நான். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியமில்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் சிறியவர்களுக்கு என் ஆசியும். உங்கள் கார் டயர் பஞ்சராகாமல், கண்ணாடியில் கீறல் விழாமல் நீண்ட நாள் ஓடட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்புக்கு இனி பாத்திரமாக முயலும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். மணி 3.08. கடிதத்தை உறையில் போடப் போனேன். "குடுங்க, பார்க்கலாம்" என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு தாளையும் படித்தாள். கடைசித் தாளை மட்டும் இரண்டு தடவை படித்தாள். அப்புறம் கைப்பையைத் திறந்து, பிஸ்கட் பொட்டலத்துக்கு அடியிலிருந்து பாஸ்போர்ட் இரண்டையும், சிவப்பு அட்டை இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்தாள். நேற்று நான் கயிறு எடுக்க உள்ளே போன நேரத்தில் எடுத்துவிட்டாளாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது. "ரெண்டு மணி நேரமா நான் பைத்தியக்காரன் மாதிரி அலையுறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "கவுண்டர் பொண்ணுகிட்ட சொன்னீங்க, காவலாளிகிட்ட சொன்னீங்க, சுமைகாரர்கிட்ட சொன்னீங்க, அண்ணனுக்கு நாலு தாள் எழுதினீங்க. என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை மச்சான். கல்யாணமான முப்பத்தாறு வருஷமாக எதையும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

தப்பு என்னுடையது என்று நான் எழுதிய பத்தியை அடித்துவிடலாமா என்றேன். பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள், ஆகவே சீக்கிரம் முடிக்கிறேன். பச்சைப் பெட்டி இன்னும் அகப்படவில்லை. பத்து நாளும் கட்டிய துணியோடுதான். பதினொன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் திரும்பும். எட்டு ஐம்பதுக்கு ஜங்ஷனுக்கு நேர் வண்டி ஒன்று இருக்கிறது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவளைக் கேட்டேன். கார் என்கிறாள். தயவுசெய்து வாருங்கள், சரக்கு வாசலுக்கு அல்ல, பயணிகள் வாசலுக்கு.