பதினெட்டுப் பேருக்கு இருநூறு பேர் அண்டா

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே நான் பார்த்த அத்தனை மனிதர்களிலும் என் ரத்தத்தை அதிகம் கொதிக்க வைத்தவர் அடுத்த வருசம் அக்காதான். என் மேனேஜருக்கே இரண்டாம் இடம்தான்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தேன். அக்கா நடத்திய மெஸ்ஸில் நாங்கள் பதினெட்டுப் பேர் மூன்று வேளையும் சாப்பிட்டோம். அவருடைய நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் "அடுத்த வருசம் பாக்கலாம்" என்பார். அதனால் அந்தப் பெயர். பெஞ்சு கேட்டோம், அடுத்த வருசம். ஞாயிற்றுக்கிழமை கறி கேட்டோம், அடுத்த வருசம். மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் சாந்தமாக வரும் நேரம் பார்த்து ஃபேன் கேட்டோம்.

"பூசைக்குப் போய் வந்த மன்சிய பாவம் பண்ண வைக்காதீங்கடா," என்றார்.

சோறு மட்டும் ருசியாக இருந்து தொலைத்தது. அதில்தான் எனக்கு இன்னும் கோபம்.

ஒரு மே மாதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் வேர்வை இலையில் சொட்டும், குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம். அப்போது வாசலில் மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. ஃபேன் வந்துவிட்டது என்று எழுந்து ஓடினோம். வந்தது ஓர் அண்டா. இருநூறு பேருக்குச் சோறு வடிக்கலாம், மீதி இடத்தில் ஒருவர் குளிக்கலாம். வாசலில் நுழையவில்லை. அக்கா நிலையைப் பெயர்த்து உள்ளே கொண்டுவந்தார். அண்டாவுக்கு இடம் விட்டு, அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பந்தியாகச் சாப்பிட்டோம்.

நான் வெடித்தேன். "பதினெட்டு பேருக்கு எதுக்குக்கா இது? ஒரு ஃபேன் வாங்கியிருக்கலாம்ல?"

"ஃபேன் வாங்குனா உனுக்கு காத்து வரும். எனக்கு இன்னா வரும்? சின்ன சட்டி வச்சிகினு கீறவளுக்கு எந்த கம்பெனிக்காரன் கேன்டீன் நடத்தக் குடுப்பான்?"

"அப்ப நாங்க முக்கியமில்லையா?"

"உனுக்கு கல்யாணம் ஆனா ஊட்டுச் சோத்துக்குப் பூடுவ. நான் கெழவியாகுற வரைக்கும் இதே பதினெட்டு பேருக்கு ஆக்கிப் போட்டுகினு கெடக்கணுமா? உனுக்கு அப்பால வர்றவன்தான்டா எனக்கு முக்கியம்."

சாப்பிடுகிறவனிடம் சொல்லும் பேச்சா இது? மறுநாளே என் தலைமையில் ஸ்டிரைக். பதினெட்டுப் பேரும் எதிர் ஓட்டலுக்குப் போனோம். மூன்றாம் நாள் பன்னிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். ஐந்தாம் நாள் மற்ற ஐந்து பேரும் போனார்கள். எனக்கு வயிறு கெட்டது, ரோஷம் கெடவில்லை. நான் போகவேயில்லை.

ஒரு கம்பெனி அதிகாரி வந்து அந்த அண்டாவை எட்டிப் பார்த்தாராம். அந்தக் கம்பெனியின் கேன்டீன் அக்கா கைக்கு வந்துவிட்டது. அவர் செய்தது சரி என்று தெரிந்ததில் என் கோபம் இரட்டிப்பானது. சில வருஷம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றி நடந்தேன்.

பிறகு என் கம்பெனியைப் பூட்டினார்கள். மூன்று மாதம் வேலை தேடி அலைந்துவிட்டு, ஒரு மத்தியானம் கேன்டீன் வாசலில் போய் நின்றேன்.

அக்கா ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தலைவரே, ஸ்டிரைக் முடிஞ்சிச்சா? உக்காந்து துன்னு. நாளிக்கிலேர்ந்து காய் வாங்க நீதான் மார்க்கெட்டுக்குப் போற."

தலைக்கு மேலே ஆறு ஃபேன் சுற்றியது. கோபத்தோடுதான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினொரு மாதம் தினமும் திட்டு. ஒருநாள் மலிவாகக் கிடைத்ததென்று கனிந்த தக்காளி இரண்டு கூடை வாங்கி வந்தேன். அத்தனையையும் மாட்டுக்குக் கொட்டினார். "இன்னிக்கி மிச்சம் புடிக்கிறேன்னு நாளிக்கி வர்றவன தொரத்தாதடா."

அந்தச் சமயத்தில் பூந்தமல்லியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. சொன்னதும் அக்கா கரண்டியை வீசினார். நல்லவேளை, என் மேல் படவில்லை.

"போ. போய் இரும்ப ராவு. ரெண்டாவது கேன்டீன் எடுத்து உன் கைல குடுக்கலாம்னுதான்டா உன்னய தெனம் திட்டிகினு கீறேன். ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன எவ திட்டுவா? போ."

அந்த வேலைக்கு நான் போகவில்லை. வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். சம்பளம் சரியில்லை என்று பொய் சொன்னேன்.