டெல்ஃப்ட் தட்டும் சூப்பர்வைசர் நாற்காலியும்

"பொங்கலுக்குள் சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காராவிட்டால் நான் மணவாளனே இல்லை!" என்று கும்மிடிப்பூண்டி போல்ட் கம்பெனி ஸ்டோரில் சபதம் போட்டான் மணவாளன். போட்டிக்கு ஒரே ஆள்தான். அதே ஸ்டோரில் வேலை பார்க்கும் அவன் மனைவியின் தம்பி வரதன்.

மேனேஜர் பாக்கியநாதனுக்கு ஒரு பித்து உண்டு. ஹாலந்து நாட்டு நீல வெள்ளைப் பீங்கான்.

"டெல்ஃப்ட்னு பேருப்பா. அது ஒரு ஊரு. அங்க செஞ்சதால தட்டுக்கும் அந்தப் பேரு. டச்சுக்காரன் பழவேற்காட்டுல கோட்டை கட்டின காலத்துலயே கப்பல்ல வந்திருக்கும். ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்!" என்று பெருமூச்சு விடுவார்.

ஞாயிற்றுக்கிழமையே மணவாளன் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான். மீன்பிடிக்கும் திருமலையின் வீட்டில் தட்டு இருந்தது. நீலக் கப்பல், நீலப் பூ, அவற்றின் மேல் காய்ந்துகொண்டிருந்த இறால். காசு வேண்டாம், எவர்சில்வர் கொடு என்றான் திருமலை. மணவாளனின் சாப்பாட்டுத் தூக்கு அங்கேயே கைமாறியது.

வீட்டில் மனைவி செண்பகம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தூக்கு எங்கய்யா?"

"பஸ்ல..."

"பஸ்ஸு துன்னுடுச்சா? எங்கம்மா சீர் குடுத்த தூக்குய்யா! என் பேரு வெட்டிக்கீது. அக்குள்ல இன்னா அது நீலமா?"

பொய் சொல்ல வராத வாய் அவனுக்கு. எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

"அப்போ என் தூக்குக்கு வந்த தட்டு. என் தட்டு."

"மேனேஜருக்குக் குடுக்கணும்டீ. நாற்காலி வரட்டும், பத்து தூக்கு வாங்கித் தரேன்."

"குடு. யாரு வாணாம்னா? பேரு போடாத பாத்திரத்த யாருனா குடுப்பாங்களா? யாரு குடுத்ததுன்னு அவருக்கு எப்டி ஞாபகம் இருக்கும்?"

"அதான் அடியில டெல்ஃப்ட்னு போட்டுக்கீதே!"

"அது ஊர் பேரு. ஊரா வந்து நாற்காலி கேக்குது?"

நியாயம்தான் என்று பட்டது மணவாளனுக்கு. கல்யாணத்தில் கொடுக்கிற சின்ன டம்ளரில்கூடப் பேர் வெட்டாமல் யார் கொடுக்கிறார்கள்?

"பீங்கான்ல வெட்டினா ஒடஞ்சிடுமேடீ."

"வெட்ட வாணாம், நீலப் பெயிண்டுல எழுதிக்கலாம். நீ போயி துன்னு. நான் பாத்துக்கறேன்."

இப்படியும் ஒரு மனைவியா என்று அவனுக்குக் கண் கலங்கியது. காலையில் தட்டைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தாள். "வழியில அவுக்காத, கண்ணு பட்டுடும்" என்றாள். அவன் அவிழ்க்கவில்லை.

மேனேஜர் அவிழ்த்தார். தட்டைத் திருப்பினார். "டெல்ஃப்ட்! டெல்ஃப்டேதான்!" என்று குதித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதன் கீழே நீலத்தில் இருந்ததை உரக்கப் படித்தார்.

"அன்பளிப்பு, வரதன்."

மணவாளன் எட்டிப் பார்த்தான்; செண்பகத்தின் கையெழுத்தேதான்.

"உன் மச்சினன் எவ்வளவு அடக்கமான பையன்பா! நேர்ல வராம உன்கிட்ட குடுத்தனுப்பியிருக்கானே! தூக்கினு வந்ததுக்கு உனக்கும் தேங்க்ஸ்."

வீட்டுக்குப் போய்க் குதித்தான்.

"இன்னாடீ பண்ண?"

"என் தட்டு. என் தம்பி பேரு. சூப்பர்வைசருன்னாதான் ஆரணிக்காரங்க அவனுக்குப் பொண்ணு குடுப்பேன்றாங்க. உனக்குத்தான் பொண்டாட்டி கீறாளே, அப்புறம் நாற்காலி எதுக்கு?"

பொங்கலுக்கு முன்பே வரதன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த சூட்டிலேயே முதல் உத்தரவும் போட்டான்.

"மாமா, ஒரு டீ வாங்கினு வா."