பத்து நிமிஷத்தில் முப்பத்தெட்டு உத்தரவு

ஆபீசில் பன்னிரண்டு பேரை மேய்த்தவனுக்கு ஆறு வயதுப் பெண்ணை உட்காரவைக்கத் தெரியாது. இதை நான் ஒப்புக்கொள்ள நாற்பது வயதாயிற்று. அதுவும் நாலு பேர் முன்னால்.

எண்பதுகளின் தொடக்கம். வடக்கே, ஹிந்தி பேசும் ஊரில், லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் மகள் ரமா நடந்து நான் பார்த்ததில்லை. ஓடுவாள், ஏறுவாள், குதிப்பாள். ஒருநாள் பாடத்துக்கு நடுவே எழுந்து, பஸ் பார்க்க ரோட்டுக்கே போய்விட்டாள். "இன்னொரு தடவை நடந்தா பேரை எடுத்துடுவோம்" என்றார் டீச்சர்.

பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இது திமிர் இல்லை, 'ஹைப்பர் ஆக்டிவ்' என்று விளக்கிய டாக்டரம்மா, சனிக்கிழமை வகுப்புக்கு வரச் சொன்னார். குழந்தைக்கு இல்லை, பெற்றோருக்கு!

"எனக்கா பயிற்சி?" என்று எகிறினேன்.

"ஆமாங்க. சட்டையைப் போடுங்க" என்றாள் என் மனைவி கமலா.

அங்கே ஓர் அறை. தரையில் மரக்கட்டைகள், சுவரில் பெரிய கண்ணாடி. பத்து நிமிஷம் ரமாவோடு விளையாட வேண்டும். உத்தரவு, கேள்வி இரண்டும் கூடாது. அவள் செய்வதை வாய்விட்டுச் சொல்லி, நல்லதைப் பாராட்ட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மற்ற பெற்றோர் பார்ப்பார்கள் என்றும் டாக்டரம்மா சொன்னாராம். (நான் சட்டைக்கையை மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.)

"உட்காரு. நேரா உட்காரு. நீலக்கட்டையை எடு. அதில்லை! ஏன் அதை எடுத்தே?"

ரமா கதவையே பார்த்தாள். சரி, நாமே காட்டுவோம் என்று ஒரு கோபுரம் கட்டினேன். அவள் ஆசையாகக் கை நீட்டினாள். "தொடாதே, இது அப்பா கட்டினது!"

அவள் மூலைக்குப் போய்விட்டாள். எனக்கோ வேலை முடிந்த திருப்தி. கண்ணாடி முன் நின்று தலைசீவினேன், தொந்தியை எக்கினேன், பல்லைப் பார்த்தேன். "அச்சா! பேஷ்!" என்றேன்.

கதவு திறந்தது. "உத்தரவு முப்பத்தெட்டு, பாராட்டு ஒன்று" என்றார் டாக்டரம்மா.

"ஒன்றாவது உண்டே!"

"அது உங்களுக்கே நீங்கள் சொல்லிக்கொண்டது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன்; அங்கிருந்து பார்த்தால் அது வெறும் ஜன்னல். ஒரு சர்தார்ஜி தலைப்பாகை குலுங்கச் சிரித்து ஓய்ந்து, நகர்ந்து இடம் கொடுத்தார். "நான் போன வாரம் ஐம்பது, பாயி சாப்!"

இப்போது கமலாவின் முறை. புடவையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "ரமா சிவப்புக்கட்டை வெச்சாச்சு... சாயாம மெதுவா வைக்கிறியே, சபாஷ்!" அவ்வளவுதான் பேச்சு. ரமா ஒவ்வொரு கட்டையாக வைத்து, ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, தேக்கோ! பாரு!" பத்து நிமிஷம், ஒரே இடத்தில்! என் பெண் அப்படிச் சிரிப்பதை முதல்முறையாக ஒரு கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

அந்த வித்தையை கமலா டீச்சருக்கும் கற்றுக்கொடுத்தாள். ரமாவின் பேர் பள்ளிக்கூடத்தில் நிலைத்தது. எனக்குக் கற்றுக்கொடுக்கத்தான் மூன்று வருஷம் பிடித்தது.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. சாப்பிட்டதும் நான் பிரஷர் மாத்திரையை எடுத்தால் போதும், அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "அப்பா யாரும் சொல்லாமலே மாத்திரை போட்டுக்கறாரே, சபாஷ்!" என்பாள் ரமா. பேரன் பேத்திகள் கைதட்டுவார்கள்.

கிண்டல்தான், தெரிகிறது. இருந்தாலும் மறுநாளும் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாத்திரையை எடுக்கிறேன்.