நேராக நின்ற கோடு

கஸ்பாரின் ஸ்கூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வியாதி. ஆறு நாளும் சத்தமில்லாமல் யார்டுக்குப் போய்வரும் வண்டி, ஞாயிறு காலையில் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கடகடவென்று ஆரம்பித்துவிடும்.

அதே சத்தத்தோடு போய்விடலாம்தான். ஆனால் கஸ்பார் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டிரெய்லர்களுக்கு நட்டு முடுக்கும் பிட்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எந்தப் பக்கத்து நட்டு லூஸ் என்று காதாலேயே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆள் ராயபுரம் முழுக்கக் கடகடத்துக்கொண்டு போனால் மானம் போகாதா? வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவான்.

இதில் பாழாய்ப் போனது அவனுடைய தூண்டில் பொழுது. முதல் பூசை முடிந்ததும் முகத்துவாரக்குப்பத்தில் தோஸ்து பிராங்கிளினோடு தூண்டில் போட்டு உட்காருவதற்காகத்தான் அவன் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தான்.

முதல் வாரம் நம்பர் பிளேட் நட்டு கழன்றிருந்தது. அடுத்த வாரம் பக்கவாட்டு மூடி. அதற்கடுத்த வாரம் சைலன்ஸர் மேல் தகடு. முடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அவன் ஸ்பேனரைத் துடைக்கும் நேரம் பார்த்து மனைவி ஜானட் டீயோடு வந்து நிற்பாள். பெட்டி திறந்துதானே கிடக்கிறது, அப்படியே அந்தக் குழாயையும் பார்த்துவிடேன் என்பாள். குழாய்க்குப் பிறகு கிரில் கேட், அப்புறம் ஃபேன். நிமிர்ந்து பார்த்தால் உச்சி வெயில். மீனெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும்.

கஸ்பாருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். எண்ணூர் ரோட்டுக் குண்டு குழியில் எந்த நட்டும் கழலலாம். ஆனால் பிரேக்கில் ஒன்றும் கழலவில்லை, சக்கரத்தில் ஒன்றும் கழலவில்லை. ஆளைக் கொல்லாத நட்டாகப் பார்த்துக் கழல்கிறதே, குழிக்கு அவ்வளவு கருணையா?

கடைசியில் யார்டு வைத்தியத்தையே கையில் எடுத்தான். அங்கே நட்டை முடுக்கியதும் நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு இழுப்பார்கள். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பெயின்ட் இல்லை. ஜானட்டிடம் நெயில் பாலிஷ் கேட்டான். மெரூன் கலர்.

"இது இன்னாத்துக்குய்யா?" என்றாள்.

அவன் சும்மா இருந்திருக்கலாம். ஒவ்வொரு நட்டுக்கும் கோடு இழுத்தபடியே பாடமே நடத்திவிட்டான். அவளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் பேச்சை அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை. மனிதனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு. தெருமுனை. கடகட.

திரும்பி வந்து குனிந்து பார்த்தான். ஒவ்வொரு கோடும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆனால் சைலன்ஸர் தகட்டு நட்டு விரலாலேயே சுற்றியது. கோடு அசையவில்லை, நட்டு கழன்றிருக்கிறது. பதினெட்டு வருஷத்தில் இப்படியொரு அதிசயத்தை அவன் கண்டதில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தான், முகர்ந்துகூடப் பார்த்தான். அப்புறம்தான் தன் விரலைப் பார்த்தான். நுனியெல்லாம் மெரூன்.

ஒரு வாரம் முன்பு போட்ட கோடு இந்நேரம் காய்ந்து கல்லாகியிருக்க வேண்டும். இது அவன் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தபோது போட்ட கோடு.

விரலை நீட்டிக்கொண்டு உள்ளே போனான். ஜானட் பதறவில்லை. வெங்காயத்தை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா கட்டில் ஆடிக்கினு கீது. அந்தச் சத்தம் ஒன் காதுல விழல. வண்டில இம்மாத்தூண்டு சத்தம் வந்தா விழுது. அதான், ஒனக்குக் கேக்குற எடத்துல சத்தத்த வெச்சேன்."

கஸ்பாருக்கு ரோஷம் வந்தது. இனி இந்த வீட்டில் ஒரு நட்டைக்கூடத் தொடப்போவதில்லை என்றான். தூண்டிலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பிராங்கிளின் வண்டியிலேயே போய்விடுகிறேன் பார் என்று சொல்லிவிட்டு அவனுக்கு போன் போட்டான்.

"நானே ஒனக்குப் போடலாம்னு இருந்தேன் மாமு," என்றான் பிராங்கிளின். "காலைலேந்து என் வண்டில ஒரே கடகடன்னு சத்தம், பேஜாரா கீது. அவுத்துப் போட்டுகினு குந்தினுகீறேன். நட்டுக்குக் கோடு போடணுமாமே? என் ஊட்டுக்காரி ரெஜினாதான் சொல்லுது. நெயில் பாலிஷ்கூட ரெடியா வெச்சினுகீது. ஜானட் நேத்துக் குடுத்துச்சாம்."

கஸ்பார் தூண்டிலை இறக்கி மூலையில் சாத்தினான். கட்டிலுக்கு எத்தனாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினான். பதின்மூன்றாம் நம்பரை ஜானட் ஏற்கெனவே நீட்டிக்கொண்டிருந்தாள்.