அருவியை முடித்தவர்

உலகத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றாமல் பார்க்காமல் வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, போய்வந்தவர்களிடம் கதை கேட்டே திருப்தி அடைகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாரிடமும் சேராத இன்னொரு இனம் உண்டு. ஊரை முடிப்பவர். கவனியுங்கள், பார்ப்பவர் அல்ல, முடிப்பவர். ‘கோயில் முடிச்சாச்சு’, ‘தோட்டம் முடிஞ்சுது’, ‘அருவி ஒண்ணுதான் பாக்கி’ என்று, அந்த இடங்களெல்லாம் தன் தலையில் விழுந்த வேலைகள் போலவும், தான் வந்து முடித்துவைக்காவிட்டால் அருவி பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும் என்பது போலவும் பேசுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஒரு சுற்றுலாத் தலத்தில் எல்லோரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வாயைப் பிளக்கிறார்களோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பவர் அவர்தான். கோபுரத்துக்கு முதுகைக் காட்டுவார், பூப்பாத்திக்கு முதுகைக் காட்டுவார், பள்ளத்தாக்குக்கும் முதுகைக் காட்டுவார். முகம் மட்டும் வண்டி நிறுத்துமிடத்தை நோக்கியே இருக்கும். நம் வண்டியை எவனாவது மறித்து நிறுத்திவிடுவானோ? அவருடைய பக்தி, ரசனை, தியானம் எல்லாம் இந்தக் கேள்வியில் அடங்கிவிடும்.

எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேல்மாடியில் இப்படி ஒருவர் இருக்கிறார். மேல்மாடிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். பெரிய கிடங்கு ஒன்றில் மேலாளர். சரக்கு வரும், இறக்குவார்கள், முத்திரை குத்துவார்கள், ஏற்றுவார்கள், போய்விடும். வாரம் முழுக்கப் பெட்டிகளை இப்படி நடத்திப் பழகியவர், விடுமுறை நாளில் மனைவியை நடத்துவதற்கென்று புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிப்பாரா? இருக்கிற முறையே போதும் என்று விட்டுவிட்டார்.

போன மாதம் அவர் ஒருநாள் சுற்றுலாவுக்குத் தனி வண்டி பேசினார். சுற்றுலாப் பேருந்து அவருக்கு ஆகாது. “பஸ்ல போனா ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் காத்துக்கிடக்கணும் சார். தனி வண்டின்னா நம்ம இஷ்டத்துக்கு நிக்கலாம், நம்ம இஷ்டத்துக்குக் கிளம்பலாம்” என்றார். ‘நம்ம’ என்பதில் எத்தனை பேர் அடக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வண்டியில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. காலி இடத்தோடு வண்டி கிளம்புவதைக் கிடங்குக்காரர் எவராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அந்த இடத்தை நிரப்ப என்னை ஏற்றிக்கொண்டார்.

முன்னிருக்கையில் அவர். அடுத்த வரிசையில் அவர் மனைவி. பக்கத்தில் அந்த அம்மாளின் தம்பி, அதாவது நம்மவருக்கு மைத்துனன். கடைசி வரிசையில் சாப்பாட்டுப் பைகளோடு பையாக நான். ஓட்டுநர் வாய் திறந்து “வணக்கம் சார், இன்னிக்கு மொதல்ல...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம், நம்மவர் கையை உயர்த்தினார்.

“தம்பி, வண்டியில பேச்சே கூடாது. நீ ரோட்டைப் பாரு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“சரி சார்” என்றார் ஓட்டுநர். அன்று அவர் அளித்த கடைசி வாக்குமூலம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மனைவி மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதை என்னிடம் நீட்டி, “இதைக் கொஞ்சம் பத்திரமா வச்சுக்குங்கண்ணா, காலடியில போட்டுடாதீங்க” என்றார். மாற்றுப் புடவையும் ஒரு துண்டும்.

“அருவியில குளிக்கணும்ண்ணா. கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் துண்டு என்கூடக் கிளம்பி வருது, ஊரெல்லாம் பாக்குது, நனையாம வீடு திரும்பிடுது.”

முன்னிருக்கையிலிருந்து குரல் வந்தது. “எல்லாம் பாக்கலாம், பாக்கலாம்.”

இந்த இனத்தின் அகராதியில் ‘பாக்கலாம்’ என்றால் பார்க்க முடியாது என்று பொருள். அந்த அம்மாளுக்கு அது தெரியும். துண்டுக்கும் தெரிந்திருக்கும்.

முதல் கோயில். நம்மவர் இறங்கியதும் செய்த முதல் காரியம், பெயர்ப்பலகையைத் தேடியது. அதன்முன் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். பெயர் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார். எங்கள் தலைகள் விழுந்தனவா என்று பார்க்கவில்லை. பலகையோடு படம் எடுத்தாயிற்று என்றால் பாதிக்கோயில் முடிந்தது. மீதியை முடிக்க உள்ளே போனோம். வரிசையில் நின்றபடி, வெளியே வருகிறவர்களிடம் “சீக்கிரம் விடறாங்களா?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். சந்நிதியில் கண்ணை மூடினார், திறந்தார். அவ்வளவுதான். கடவுளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“வழக்கம்போலதான் சார். அவருக்கே தெரியும்.”

அவர் மனைவி ஒரு தூணின்முன் நின்றுவிட்டார். தூணில் ஒரு கல் யானை, தும்பிக்கையால் தன் குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “இங்க பாருங்களேன், அடம் பிடிக்குது” என்றார் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே.

“யானைதானே? அடுத்த கோயில்லயும் இருக்கு. வா, வா.”

அடுத்த கோயிலில், “யானையா? அதான் முன்னாடியே பாத்துட்டோமே” என்றார்.

வண்டி ஓடும்போது இன்னொரு அதிசயத்தைக் கவனித்தேன். நம்மவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வலது கையை மட்டும் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டுவார். அதில் ஏதாவது வந்து சேரும். வெயில் என்றால் மூடி திறந்த தண்ணீர்ப் புட்டி. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. தூசி என்றால் கைக்குட்டை. எது வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாளும் சொல்வதில்லை. கோயில்களில் நான் பார்க்காத அற்புதத்தை அன்று வண்டிக்குள் பார்த்தேன். வரம் கேட்காத கை. கேட்காமலே கொடுக்கும் தெய்வம். என்ன, இங்கே பக்தர் முன்னால் உட்கார்ந்திருந்தார், தெய்வம் பின்னால்.

மைத்துனனோ தன் அக்காள் கணவரோடு ஒரு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டவன் போல, தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தான்.

“மாப்ள, கோயில் எப்படி?”

“ம்.”

“தோட்டத்துக்கு முன்னாடி சாப்பிட்டுடலாமா, பின்னாடியா?”

“ம்.”

கேட்டவர் திருப்தி அடைந்தார். இப்படிப்பட்டவர்களுக்குக் கேள்விதான் முக்கியம், பதில் ஒரு மரியாதை.

தோட்டம் பெரியது. ஆனால் வாசலுக்கும் வெளிவழிக்கும் இடையில் ஒரு குறுக்குப்பாதை உண்டு என்பதை, பிறந்ததிலிருந்து அங்கே வளர்ந்தவர் போல நம்மவர் கண்டுபிடித்துவிட்டார். இலைக்கு இலை வேறு நிறமாக ஒரு செடி. அந்த அம்மாள் குனிந்தார்.

“செடிதானே? நம்ம வீட்டுத் தொட்டியில இல்லாததா?”

“நம்ம தொட்டியில செடி செத்து எத்தனை மாசம் ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். பாக்கலாம்னீங்க.”

தோட்டம் முடிந்தது. அருவி பாக்கி.

வண்டியை விட்டு இறங்கும்போதே அருவியின் இரைச்சல் கேட்டது. அந்த அம்மாள் என்னிடமிருந்து துணிப்பையை வாங்கிக்கொண்டார். படிகளில் இறங்கிப் போனோம். பாறைக்கு மேலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்து, கீழே பெண்களும் ஆண்களுமாக அதில் தலையைக் கொடுத்துக்கொண்டு, யாரோ முதுகில் தட்டிக் கொடுப்பது போலச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நம்மவர் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று பெயர்ப்பலகையைத் தேடினார். பலகை மேலே, வண்டி நிற்கும் இடத்தில் இருந்தது.

“அட, பலகையை மேலயே வச்சிருக்கான். தெரிஞ்சிருந்தா இறங்கியே இருக்க வேண்டாம். வாங்க, வாங்க, இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும்.”

“நான் ரெண்டு நிமிஷம்...” என்றார் அந்த அம்மாள்.

“பாக்கலாம், பாக்கலாம்” என்றபடி அவர் படியேறிவிட்டார். மைத்துனன் பின்தொடர்ந்தான். அந்த அம்மாள் படியைப் பார்த்தார், அருவியைப் பார்த்தார், கையில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணா, அவர் என்னைத் தேடினா, இங்க இருக்கேன்னு சொல்லுங்க.”

“தேடினா சொல்றேம்மா” என்றேன்.

வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் இல்லையா? நான் மேலே வந்து என் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தேடுவார், சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். நம்மவர் பலகையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்து முன்னிருக்கையில் ஏறினார். பலகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெயர் தெளிவாக இருந்தது.

“எல்லாரும் ஏறியாச்சா?”

“ம்” என்றது தொப்பி.

“போலாம் தம்பி.”

வண்டி கிளம்பிவிட்டது. நான் என்ன செய்வது? அவர் தேடவில்லையே. இதோ தேடுவார், அடுத்த வளைவில் தேடுவார் என்று காத்திருந்தேன். வளைவுகள் வந்தன, போயின. அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஒரே நாளில் இத்தனை இடத்தை முடித்த குடும்பம் வேறு உண்டா என்று வண்டியின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். கீழே ஒரு கடைத்தெரு வந்தது. தூசி பறந்தது. நம்மவர் வலது கையைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டினார்.

கை காத்திருந்தது.

விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். ஒன்றும் வரவில்லை. கை இன்னும் கொஞ்சம் பின்னால் வந்து, அங்குமிங்கும் துழாவி, மைத்துனனின் தொப்பியைப் பிடித்தது. அன்று காலையிலிருந்து முதல்முறையாக நம்மவர் திரும்பினார்.

“எங்கடா உங்க அக்கா?”

“ம்?” என்றான் மைத்துனன். அவன் அன்று கேள்வி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அருவியில இருக்காங்க” என்றேன் நான், கொடுத்த வாக்கின்படி.

“அப்பவே சொல்றதுக்கு என்ன சார்?”

“நீங்க தேடினா சொல்லச் சொன்னாங்க. இப்பத்தான் தேடறீங்க.”

அவர் ஓட்டுநரிடம் பாய்ந்தார். “ஏம்ப்பா, கண்ணாடியில உனக்குத் தெரியல?”

“தெரிஞ்சுது சார். கேக்கலாம்னுதான் நெனச்சேன். நீங்கதான் பேசக்கூடாது, ரோட்டைப் பாருன்னு சொன்னீங்க.”

வண்டி திரும்பியது. முடித்த இடத்துக்கு மறுபடி போவது இந்த இனத்தாரின் மதத்தில் மகாபாவம். ஆனால் அவர் அதை நினைத்ததாகத் தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது. “இருட்டுது... தனியா... அழுதுக்கிட்டிருப்பா” என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டார். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, எவன் வண்டி எந்த வண்டியை மறிக்கிறது என்றுகூடப் பார்க்காமல், படிகளில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். இதையெல்லாம் பார்க்காமல் ஊர் சுற்றி என்ன பயன்?

அந்த அம்மாள் அழவில்லை. அருவிக்குள் இருந்தார். கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, தண்ணீர் மொத்தமும் தனக்குத்தான் என்பது போல நின்றார். நம்மவர் கரையிலிருந்து கத்தினார். இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது? பாறைமேல் கால்வைத்து, சாரலில் நனைந்து, அருகே போய்த்தான் பேச முடிந்தது.

“உன்னை விட்டுட்டுப் போயிட்டோம்!”

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். “எங்க?”

“கீழ கடைத்தெரு வரைக்கும்.”

“அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே. இப்பத்தானே உள்ள வந்தேன்.”

“சரி, சரி, வா போலாம்.”

“நீங்க போங்க” என்றார் அந்த அம்மாள், எந்தக் கோபமும் இல்லாமல். “அதான் ஒரு தடவை போய்ப் பழகிட்டீங்களே.” மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நம்மவர் என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கப்படி அருவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். அங்கிருந்து வண்டி தெரியவில்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. துடைக்க வேண்டும். பழக்கதோஷம், வலது கை தோளுக்கு மேலே தானாகப் பின்பக்கம் நீண்டது.

இந்த முறை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அருவிக்குள்ளிருந்து ஒரு கை வந்து அந்தக் கையைப் பிடித்து, ஒரே இழு.

உள்ளே போனவர் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. நடுவே அந்த அம்மாள்தான் இரண்டு முறை, “போதும் வாங்க, மலை இறங்கணும்” என்று கூப்பிட்டார். “இரு, இரு, பாக்கலாம்” என்று தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது.

திரும்பும்போது ஓட்டுநர் முன்னிருக்கையில் ஒரு சாக்கை விரித்தார். நம்மவருக்கு மாற்றுத்துணி இல்லை; சுற்றுலாவில் நனைவது அவர் திட்டத்தில் எங்கே இருந்தது? நடுங்கிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினார். அந்தத் துண்டு வந்தது. சொட்டச் சொட்ட நனைந்த துண்டு. அதாலேயே தலையைத் துவட்டிக்கொண்டார்.

ஆள் மாறிவிட்டார், இனிமேல் யானையைப் பார்ப்பார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் நல்ல மனதைப் பாராட்டுகிறேன். மறுநாள் காலை மாடிப்படியில் அவர் இன்னொரு குடித்தனக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“கோயில், தோட்டம் எல்லாம் முடிச்சோம் சார். அதுவும் அருவியை ரெண்டு தடவை முடிச்சோம். யாராலும் முடியாது.”

நல்லவேளை, நாம் இந்த இனம் இல்லை என்று சிரிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன். எதற்கும் அடுத்த முறை முன்னிருக்கையில் உட்காரும்போது, ஒன்றும் சொல்லாமல் கையைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். ஏதாவது வந்து சேர்ந்தால் உடனே திரும்பி, கொடுத்தவர் இன்னும் எதை நனைக்காமல் மடியில் வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்றும் வராவிட்டால் வண்டியைத் திருப்புங்கள்.

சோதனையெல்லாம் எனக்கு வேண்டாம், நான் நிதானமாக ரசிக்கிற ஆள் என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்த கையோடு, இது எங்கே முடிகிறது என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தீர்களே, அது எதற்காக?