இருபத்தெட்டு எம்.எம். மாப்பிள்ளை

கேமரா கையில் கிடைத்தவர்கள் அடுத்து வாங்குவது பெரும்பாலும் தவறான லென்ஸைத்தான். என் விஷயத்தில் அந்தத் தவறு போய் உட்கார்ந்த இடம் அண்ணனின் மூக்கு.

எண்பதுகளின் கடைசி. அப்பா வேலைபார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில், ஆவடியில் இருந்தோம். சேகர் அண்ணனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தான். கல்லூரி முடித்திருந்த எனக்குச் சிங்கப்பூர் மாமா ஒரு கேமரா தந்திருந்தார். அடுத்த முறை வரும்போது இன்னொரு லென்ஸ் கொண்டுவருவதாகவும், இருபத்தெட்டு எம்.எம். வேண்டுமா, நூற்று முப்பத்தைந்து வேண்டுமா என்று நானே முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

யோசித்தேன். (அதற்குப் பெயர் யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன்.) நூற்று முப்பத்தைந்து, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும். எங்கள் ஹாலில் தூரம் என்று ஒன்றே கிடையாது. இரண்டடி பின்னால் போனால் பீரோ. இருபத்தெட்டிலோ எல்லாமே அடங்கும். ஆக, இருபத்தெட்டு. முகம் எடுப்பதற்கு மற்றதுதான் ஏற்றது என்று யாராவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

லென்ஸ் வந்த சமயம் பார்த்துக் கல்யாணத் தரகர் அண்ணனின் போட்டோ கேட்டார். வீட்டில் ஒரு கலைஞர் இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு என்று நானே எடுத்தேன். படம் முழுக்க முகம் நிறைய வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால், ஒரு முழத் தூரத்துக்கு நெருங்கிப்போய் எடுத்தேன்.

பிரிண்டில் மூக்கு முன்னால் வந்திருந்தது. காதுகள் ஊருக்குப் போயிருந்தன.

"என் மூக்கு இப்படியா இருக்கு?" என்றான் அண்ணன்.

"கேமரா பொய் சொல்லாதுண்ணா."

பாவம், நம்பிவிட்டான். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நிற்க ஆரம்பித்தான். தரகர் அவசரப்படுத்தியதால் அந்தப் படமே போனது.

கரையான்சாவடியில் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து சம்மதம் வந்தது. பெண் பெயர் வசந்தா. பெண் பார்க்கக் கிளம்பினோம். நான் கேமராவையும் எடுத்துக்கொண்டேன்.

வசந்தாவின் அப்பா எங்களை உட்காரவைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "மாப்ள பின்னால வந்துகினு கீறாரா?"

"இவன்தாங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா.

அவர் போட்டோவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி போட்டோ.

"இது வேற ஆளாச்சே."

அண்ணன் தொழிற்சாலை அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். அதிலிருந்த முகத்தையும் அவனையும் பொறுமையாக ஒப்பிட்டார். "சரி, நீ சேகருதான். அப்ப போட்டோல கீறது யாரு?"

ஆள்மாறாட்டம் என்று உள்ளே யாரோ முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. கல்யாணம் என் கண்ணெதிரில் நழுவிக்கொண்டிருந்தது. எழுந்து, போட்டோ எடுத்தவள் நான்தான், லென்ஸ்தான் காரணம் என்றேன். யாருக்கும் புரியவில்லை. வேறு வழியின்றிக் கேமராவை அவர் கையிலேயே கொடுத்து, அண்ணனின் முகத்துக்கு நேரே ஒரு முழத்தில் நிறுத்தினேன்.

குனிந்து பார்த்தார். பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"கிட்ட போனா வளருது," என்றார். "தள்ளி வந்தா சின்னதாவுது."

அதற்குமேல் கேமரா என்னிடம் திரும்பவில்லை. சித்தப்பா, அத்தைகள், பக்கத்து வீட்டு அம்மா எல்லோரும் வரிசையில் நின்று அண்ணனின் மூக்கைப் பார்த்தார்கள். அண்ணன் பெருமாள் கோயில் மூலவர் மாதிரி அசையாமல் தரிசனம் கொடுத்தான்.

கடைசியாக வசந்தாவே வந்து கேமராவை வாங்கினாள். மற்றவர்களைவிட நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இதுல எதுங்க நெஜம்?"

"தள்ளி நின்னா தெரியறதுதான்."

"அந்த போட்டோவப் பாத்தே சரின்னுட்டேன்," என்றாள் வசந்தா. "இது எவ்ளவோ தேவல."

அண்ணன் அன்றைக்குத்தான் பல நாள் கழித்து மூச்சை நிம்மதியாக விட்டான்.

கல்யாணத்துக்குப் பூந்தமல்லியிலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்தார். என்னைப் பந்தி கவனிக்க அனுப்பினார்கள். இப்போது என்னிடம் நல்ல லென்ஸ்கள் இருக்கின்றன; எது எதற்கு என்றும் தெரியும். பயனில்லை. நான் செல்போனைத் தூக்கினால்கூட அண்ணி, பிள்ளைகள், அன்றைக்குப் பிறந்தேயிராத அண்ணனின் மருமகள் உட்பட எல்லோரும் பேசாமல் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொள்கிறார்கள். அண்ணன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "எடு" என்கிறான்.